கேள்வித்தாளோடு ஊருக்குப் போனவர்கள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், "கல்லூரி நினைவுகள்" என்று எதையாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். விடுதிச் சாம்பாரும் தேர்வுக்கு முந்தின இரவும் எல்லா மலரிலும் வந்தாயிற்று. அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

போன ஆண்டு நம் பொருளாதாரத் துறையில் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பேச என்னை அழைத்திருந்தார்கள். "அரசின் கொள்கைகளை ஆராய்வது எப்படி?" என்பது தலைப்பு. நானோ இங்கே இயற்பியல் படித்துவிட்டு, பிறகு சிவில் இன்ஜினியரிங் முடித்து, வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் சாலை, கால்வாய் என்று அலைகிறவன். பொருளாதாரத்துக்கும் எனக்கும் வீட்டு மளிகைக் கணக்கு அளவுக்குத்தான் பழக்கம். என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்றேன். "நீங்கதானே சார் ஊர் ஊரா அளக்கிறீங்க!" என்றார் துறைத் தலைவர். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. பேச்சுக்காகப் படிக்கப் போன இடத்தில் கிடைத்த சரக்கு, ஒரு மணி நேரப் பேச்சில் அடங்கவில்லை. மீதி இது.

கொள்கை ஆய்வு என்றால் டில்லியில், குளிர்சாதன அறையில், கம்ப்யூட்டர் முன்னால் நடக்கிற காரியம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பாடப் புத்தகம் அப்படி. ஆனால் நம் பழைய செங்கல்பட்டு ஜில்லா அளவுக்குத் துருவித் துருவி ஆராயப்பட்ட பகுதி இந்தியாவிலேயே அதிகம் இருக்காது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் எல்லா மேடையிலும் பெருமை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை, ஆயிரத்து நூறு வருஷமாகிறது. ஆனால் அதே வட்டாரத்துக்கு வேறொரு சொத்தும் உண்டு, அதை யாரும் மேடையேற்றுவதில்லை. அதுதான் கணக்கு.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, அவர் பெயரில்தான் நம் வாலாஜாபாத், 1763ல் கம்பெனிக்குத் தாம் பட்ட கடனுக்காகச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக எழுதிக் கொடுத்தார். கையில் வந்த சொத்து எவ்வளவு தேறும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? தாமஸ் பார்னார்டு என்பவரை அனுப்பினார்கள். அவர் ஒரு இன்ஜினியர்! (நம்ம ஜாதி என்று நான் சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு.) 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் கிராமங்களில் கணக்கெடுத்தார். நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, தோப்பு, ஏரி, தரிசு, ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழிலுக்கு எத்தனை குடி என்று எல்லாம் அதில் உண்டு. களத்து மேட்டில் நெல் தூற்றியதும் கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, கொல்லனுக்கும் தச்சனுக்கும் எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று பிரிக்கிற மேரைக் கணக்கும் உண்டு. ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதிய மூலத்தில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தரம்பால் போன்றவர்கள் இந்தக் கணக்குகளைத் தேடிப் படித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2001ல் திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊர்க் கணக்கும் புத்தகமாகவே வந்துவிட்டது.

பார்னார்டு கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஊரிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? அதற்காகத்தான் அத்தனை ஓலையும். இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்க யாரையும் யாரும் அனுப்பவில்லை.

அந்த மாதிரிக் கேள்வி நம் ஜில்லாவில் கேட்கப்பட 1891 ஆயிற்று. அந்தக் கதையை வகுப்பில் அரை மணி நேரம் சொன்னேன். இங்கேயும் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அப்போது செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ட்ரெமென்ஹீர். தம் ஜில்லாவின் தீண்டப்படாத மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பினார். அதில் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை. எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று, ஒரு பாலம் ஏன் இறங்குகிறது என்று நாங்கள் பார்ப்பது போலப் பார்த்தார். சேரியில் குடிசை நிற்கிற மண் மிராசுதாரருடையது. கூலி பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். சரி, ஊரில் தரிசு கிடக்கிறதே, அதை வாங்கிப் பயிர் செய்யலாமே என்றால், தரிசுக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரருக்குத்தான் முதல் உரிமை. அவர் பயிர் செய்யாவிட்டாலும் சரி, இன்னொருவன் செய்யக்கூடாது என்று தடுக்கலாம். உழைக்கிற ஆள் நிலம் பெற்றுவிட்டால் வயலுக்கு யார் வருவது? ஆக மனை இல்லை, நிலம் இல்லை, அதனால் வாய் இல்லை. வறுமைக்குக் காரணம் சோம்பல், குடி என்று ஆபீஸ் கோப்புகளில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், காரணம் நம் விதிமுறையிலேயே இருக்கிறது என்று அரசு அதிகாரி ஒருவரே எழுதினார்.

சென்னை அரசாங்கத்தின் ரெவின்யூ போர்டில் அதற்குக் கடுமையான எதிர்ப்பு. இருந்தும் 1892ல் உத்தரவு பிறந்தது. அந்த மக்களுக்கென்று நிலம் ஒதுக்கி, குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பது தனிக் கதை, வேதனையான கதை. 1994ல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்களில் இருவர் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். குடியிருக்கும் மனையை, குடியிருப்பவர்க்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971ல். அறிக்கை எழுதி எண்பது ஆண்டு கழித்து!

"ஒரு ரிப்போர்ட்டால இன்னா சார் ஆயிடப்போவுது?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்திருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் இந்தக் கதை. ரிப்போர்ட் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1994ல் கையில் பிடித்து நின்று கேட்க ஒரு உரிமை இருந்ததே, அது 1891ல் ஒருவர் உட்கார்ந்து எழுதியதிலிருந்து வந்தது.

இனி மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பார்னார்டும் கலெக்டரும் சர்க்கார் ஆட்கள். கல்லூரி மாணவர்கள் கேள்வித்தாளோடு ஊருக்குப் போனது எப்போது? 1916ல். அந்த ஊர்களில் ஒன்று நமக்குக் கூப்பிடு தூரம் என்று படித்தபோது "அட, இது நம்ம பக்கமாச்சே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். லண்டன் பக்கத்து வூல்விச்சில் மேயராக இருந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது வயல்களை வேலி போட்டு அடைத்ததில் ஏழை விவசாயி எப்படி நிலமிழந்தான் என்பது அவருடைய ஆராய்ச்சி. அந்த நாட்டில் சார்லஸ் பூத் லண்டனிலும் ரவுன்ட்ரீ யார்க்கிலும் தெருத் தெருவாக வறுமையைக் கணக்கெடுத்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்த மனுஷனுக்கு இங்கே ஒரு சிக்கல். இந்தியப் பொருளாதாரம் கற்றுத்தர வேண்டும், ஆனால் ஒரு தென்னிந்தியக் கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று சொல்ல ஒரு நல்ல புத்தகம் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற மாணவர்களோ கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஆசிரியருக்குத் தெரியாதது மாணவனுக்குத் தெரியும்! விடுமுறைக்குப் போகும்போது கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் ஊரைப் பற்றி எழுதி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வந்து சேர்ந்தவற்றில் நல்லவற்றைத் தொகுத்து 1918ல் "சில தென்னிந்தியக் கிராமங்கள்" என்ற ஆங்கில நூலாக வெளியிட்டார். மலையாள, தெலுங்குப் பகுதி ஊர்களும் அதில் உண்டு. தமிழ்நாட்டு ஊர்கள் ஐந்து: ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சாவூர் பாலக்குறிச்சி, தென்னாற்காடு இருவேல்பட்டு, வடஆற்காடு தூசி.

தூசி எங்கே என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி ரோட்டில் பாலாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பக்கத்தில் மாமண்டூர் ஏரி, மகேந்திரவர்மன் குடைவித்த குகைகள். இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வாலாஜாபாத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் டீ குடிக்கலாம்.

அந்தப் பையன்கள் என்னென்ன எழுதினார்கள் தெரியுமா? எத்தனை வீடு, எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நிலம், குத்தகையா வாரமா, ஏரித் தண்ணீர் எத்தனை மாதம், கடன் யாரிடம், எதற்கு. இருவேல்பட்டு அறிக்கையில் படியாட்களைப் பற்றி வருகிறது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக ஆள் ஒரு பண்ணையோடு கட்டுப்படுகிறான், கடன் அடையாமல் பிள்ளைக்கும் தொடர்கிறது. இதை ஒரு கல்லூரி மாணவன், தேர்வுக்கு மார்க் கிடைக்காத ஒரு வேலையில், எழுதி வைத்தான். அன்றைக்குக் கல்லூரி வரை வந்த பிள்ளைகள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். சேரியைத் தெருமுனையிலிருந்து பார்த்து எழுதியிருப்பார்கள் என்பது என் அனுமானம். அப்படிப் பார்த்தே இவ்வளவு கண்ணில் பட்டிருக்கிறது என்றால், உள்ளேயிருந்து ஒருவன் எழுதியிருந்தால் எப்படியிருந்திருக்கும்!

இதே சமயம் பூனா விவசாயக் கல்லூரியில் ஹரால்ட் மான் என்பவர் ஒரு தக்காணக் கிராமத்தை ஆராய்ந்து 1917ல் நூல் வெளியிட்டார். அவர் ரசாயனம் படித்தவர். பொருளாதாரம் படிக்காதவனும் இதில் கை வைக்கலாம் என்பதற்கு எனக்கு அவர் ஒரு ஆறுதல். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஜே. சி. குமரப்பா. காந்தியடிகள் சொன்னதன்பேரில் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களோடு கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் 50க்கும் மேற்பட்ட கிராமங்களில் வீட்டுக் கணக்கு எடுத்தார். 1931ல் அறிக்கை வெளிவந்தது. விவசாயியின் வரவையும் செலவையும் எழுதி, இதற்கு மேல் இவ்வளவு நிலவரியா என்று கேட்ட அறிக்கை. பார்னார்டின் அதே கணக்கு, திருப்பிப் பிடித்தாற்போல!

ஸ்லேட்டர் 1921ல் பேராசிரியர் பதவியை விட்டார். கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நில அளவை தெரிந்தவர்களுக்குப் பெஞ்ச் மார்க் என்றால் புரியும். ஒரு பாறையிலோ பாலத்துச் சுவரிலோ உயரத்தைக் குறித்து வைப்போம். இருபது வருஷம் கழித்துத் தரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அதுதான் ஆதாரம். அது இல்லாவிட்டால் ஆளாளுக்கு "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்லேட்டரின் மாணவர்கள் ஐந்து ஊரில் அப்படி ஒரு பெஞ்ச் மார்க் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37ல் மறுபடி ஆய்வு நடத்தினார்கள். உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து விவசாயி நொந்து கிடந்த நேரம். நூல் 1940ல் வந்தது. 1961ல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலப் பெண்மணி ஐந்து ஊரையும் சுற்றினார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மூன்றாம் முறை, நான்காம் முறை என்று எண்ண வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது. தூசி மறு ஆய்வு 1984ல் வந்தது, எழுதியவர்கள் எஸ். குகனும் கே. பரதனும்.

குகனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாட்டின் நிதிச் செயலாளராக இருந்தவர். கோடிக் கணக்கில் பட்ஜெட் போட்ட கை, பிறகு தூசியில் வீட்டுக் கணக்கு எழுதியது. முதியோர், விதவைகள், பேறுகாலப் பெண்கள் என்று அமைப்பு சாராத ஏழைகளுக்கு நாடு முழுக்க ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பு கட்டுப்படியாகும் என்று 1990களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மத்திய அரசு முதியோர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது 1995 ஆகஸ்டில். கோட்டையில் உட்கார்ந்து எழுதுகிற தொகைக்கும் தெருவில் கிழவி கையில் விழுகிற தொகைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று இரண்டு முனையிலும் நின்று பார்த்தவர் அவர்.

இருவேல்பட்டுக்கு 2008ல் மறுபடி போனவர்கள் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். 1916ல் ஊரையே கையில் வைத்திருந்த பெரிய வீட்டின் பிடி தளர்ந்துவிட்டது, படியாள் முறை போய்விட்டது, கூலியைப் பேசி வாங்குகிற நிலை வந்திருக்கிறது, ஊரை விட்டு வெளியே வேலைக்குப் போவது பெருகிவிட்டது. ஆனால் தலித் குடும்பங்களில் நிலமுள்ளவர்கள் இன்னும் குறைவு. தொண்ணூற்றிரண்டு வருஷத்தில் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதே, அதற்கு முதல் கல் போட்டது ஒரு மாணவன். அந்த ஜெயரஞ்சன்தான் 2021ல் மாநிலத் திட்டக்குழுத் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டவர். ஊர்க் கணக்கு எழுதினால் வேலை கிடைக்குமா என்று கேட்ட மாணவிக்கு இந்தத் தகவலைச் சொல்லி வைத்தேன்!

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்தார். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், அப்பா கூலி வேலை. "சார், எங்க ஊட்டுக்கு வருஷத்துக்கு மூணு நாலு தபா சர்வேன்னு வராங்க. டேங்க் இருக்கா, கக்கூஸ் இருக்கா, ரேசன் கார்டு இன்னா கலருன்னு கேட்டு எழுதிக்கினு போறாங்க. அப்பால இன்னா ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல" என்றார்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நிஜம். ஓர் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகப் பூர்த்தி செய்த படிவங்கள் மாடிப்படிக்குக் கீழே கரையான் தின்று கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 1916க்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அவர் எழுந்து நின்ற அந்த இடத்தில்தான் இருக்கிறது. அன்று கேள்வி கேட்டவன் ஒரு தெரு, கேட்கப்பட்டவன் வேறு தெரு. நம் பொருளாதாரத் துறையில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். படிவத்தை எந்த இடத்தில் பொய்யாக நிரப்புவார்கள், ஏன் நிரப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த நிபுணருக்கும் தெரியாது.

அதைச் சோதித்தும் பார்த்துவிட்டோம். மாணவர்கள் பன்னிரண்டு பேர் தங்கள் தெருவிலேயே ஒரு மாதிரிக் கேள்வித்தாளை எடுத்துப் போனார்கள். "குடும்ப மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்விக்குக் கிடைத்ததெல்லாம் ரேஷன் கார்டுக்கு ஆபத்தில்லாத பதில்கள். அடுத்த வாரம் ஒரு மாணவி அதை மாற்றினார்: "நேற்று உங்கள் வீட்டில் யார் யார் வேலைக்குப் போனார்கள்? எங்கே? எதில் போனார்கள்?" மளமளவென்று பதில் வந்தது. ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ், செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிக்கு விடிகாலை வேன், மகளிர் இலவச டவுன் பஸ்ஸில் காஞ்சிபுரம் ஜவுளிக்கடை, தறியில் அப்பா மட்டும், வயலில் பாட்டி மட்டும். ஒரே கேள்வியில் ஒரு தெருவின் பொருளாதாரம் முழுக்க வந்துவிட்டது. கேள்வியை மாற்றிய அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சிபாரிசு செய்வேன்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். வாலாஜாபாத் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தை எடுத்து, வரும் கோடை விடுமுறையில் வீடு வீடாக எழுதுவது. முடிந்ததும் அந்த ஊர்க் கிராம சபையிலேயே தமிழில் வாசித்துக் காட்டுவது. இந்த இரண்டாவது பகுதியை அந்த உத்திரமேரூர் மாணவர்தான் நிபந்தனையாக வைத்தார். ஐந்து வருஷம் கழித்து அடுத்த செட் மாணவர்கள் அதே வீடுகளுக்குப் போக வேண்டும், அதனால் படிவங்கள் நூலகத்தில் பூட்டுள்ள பீரோவில் இருக்க வேண்டும். பீரோவுக்கு நம் 2009ஆம் ஆண்டு அணி பொறுப்பேற்றிருக்கிறது.

சங்கத்து அன்பர்களிடம் நான் கேட்பது பணமில்லை. (கொடுத்தால் பொருளாளர் வேண்டாமென்று சொல்லமாட்டார்.) உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு இருக்கலாம். 1980ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எத்தனையோ வீடுகளில் அடங்கல் நகலும் சாகுபடிக் கணக்கும் தங்கிவிட்டன. தாத்தாவின் கூலிக் கணக்கு, பாட்டியின் சீட்டு நோட்டு, தறிக்கு நூல் வாங்கிய ரசீது, அடகுச் சீட்டு என்று எதுவானாலும் சரி. அசலைக் கேட்கவில்லை. மாணவர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சந்திப்பு நாளன்று பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே பொருளாதாரத் துறை மாணவர்கள் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊர் பெயரும், என்ன இருக்கிறது என்பதும் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னால் நல்லது, பிறகு பிள்ளைகள் பரிமாறப் போய்விடுவார்கள்.